சுற்றும் எதுவும் சுற்றிக்கொள்ளும்

ராஜபாளையத்துப் பிள்ளைகளே, உங்கள் தெருவில் ஒரு சின்ன விசாரணை செய்யலாம். பஞ்சு மில்லுக்கு வேலைக்குப் போகும் அக்காவோ அத்தையோ பக்கத்து வீட்டிலேயே இருப்பார்கள். மில்லுக்குள் எப்படி உடுத்திக்கொண்டு வேலை பார்ப்பீர்கள் என்று அவர்களைக் கேளுங்கள். சேலைக்கு மேல் ஒரு கோட்டு, முந்தானை அதற்குள்ளே அடக்கம். கூந்தலைச் சுருட்டி மேலே தொப்பி என்று சொல்வார்கள். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அதன் பிறகு ஊரைச் சுற்றி எத்தனையோ நூற்பாலைகள் வந்துவிட்டன. எந்த மில்லானாலும் நூற்கும் இடத்தில் தொங்கும் துணிக்கும் பறக்கும் முடிக்கும் இடமில்லை.

காரணம் அங்கே சுழலும் கதிர்கள். இன்றைய நூற்பு எந்திரத்தில் ஒரு கதிர் நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. பஞ்சிழையை முறுக்கி நூலாக்கித் தன் மேலேயே சுற்றிக்கொள்வதுதான் அதன் வேலை. கதிருக்கு ஆள் தெரியாது. பஞ்சு கிடைத்தால் பஞ்சைச் சுற்றும், தாவணி கிடைத்தால் தாவணியையும் சுற்றும்.

அதே குணம் உள்ள ஒரு கருவி இப்போது நிறைய வீடுகளுக்கு வந்துவிட்டது. துப்பாக்கி மாதிரி பிடி, அடியில் பேட்டரி, முன்னால் சுழலும் முனை. ஒயர் இல்லாத டிரில் மெஷின். சாமி படம் மாட்ட, திரைக்கம்பி போட, தண்ணீர் சுத்திகரிக்கும் பெட்டியைச் சுவரில் பொருத்த என்று அப்பாவோ சித்தப்பாவோ அதை எடுக்கும்போது நீங்கள் பக்கத்தில் போய் நிற்பீர்கள். நிற்கத்தான் வேண்டும், நல்ல கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பது பெரிய படிப்பு. ஆனால் உங்கள் வயதில் அதை இயக்குபவர் பெரியவராகவே இருக்கட்டும். அதற்கு என்ன காரணம் என்பதற்குள் ஒரு முழு இயற்பியல் பாடமே இருக்கிறது. கருவியோடு வரும் கையேட்டில் 'இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே' என்று பக்கம் பக்கமாக அச்சிட்டிருப்பார்கள். மனப்பாடம் செய்தால் மறந்துபோகும். ஒவ்வொரு விதிக்கும் பின்னால் உள்ள அறிவியலைப் புரிந்துகொண்டவருக்கு விதி தானாக ஞாபகம் வரும்.

சுற்றிக்கொள்வதிலிருந்தே தொடங்குவோம். பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். டிரில்லின் முனை வேகமான கியரில் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும். 60-ஆல் வகுத்தால் நொடிக்கு 25 சுற்று. துளைக்கும் பிட்டின் தடிமன் 10 மில்லிமீட்டர் என்றால் அதன் சுற்றளவு சுமார் 31 மில்லிமீட்டர். 25-ஆல் பெருக்குங்கள். ஒரு நொடியில் 78 சென்டிமீட்டர் முடியையோ நூலையோ அது இழுத்துச் சுற்றிவிடும். பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக் இன்னும் பெரியது. அதன் குறுக்களவு 4 சென்டிமீட்டர் என்றால் நொடிக்கு 3 மீட்டருக்கு மேல். இரண்டு மீட்டர் நீளத் துப்பட்டா முழுதாக உள்ளே போக ஒரு நொடிகூட ஆகாது.

இனி நம் பக்கக் கணக்கு. கண் ஒன்றைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, விரலுக்கு உத்தரவு போய், விரல் நகர்வதற்குச் சாதாரணமாகக் கால் நொடி ஆகிறது. எவ்வளவு கெட்டிக்காரருக்கும் இந்தத் தாமதம் உண்டு. 'ஐயோ' என்று விசையை விடுவதற்குள் அந்தக் கால் நொடியில் சக் 78 சென்டிமீட்டர் துணியைச் சுற்றி முடித்திருக்கும். கவனமாக இருந்தால் போதும் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை. கவனம் வேலைக்கு வரும் முன்பே விபத்து முடிந்துவிடுகிறது. அதனால்தான் மில்லில் கவனத்தை மட்டும் நம்பாமல் கோட்டும் தொப்பியும் கொடுக்கிறார்கள்.

டிரில் பிடிப்பவர் வேட்டி கட்டியிருந்தால் மாற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள். துண்டு, துப்பட்டா, சங்கிலி, தளர்ந்த முழுக்கைச் சட்டை எதுவும் கூடாது. அம்மா டிரில் பிடித்தால் பின்னல் முன்னால் விழாதபடி கொண்டையாக இருக்கட்டும். நம் ஊரில் இன்னொன்று உண்டு, மணிக்கட்டில் கட்டும் சாமிக் கயிறு. அதன் நுனி இரண்டு அங்குலம் தொங்கினாலும் போதும். கயிறு லேசில் அறாது, கையைத்தான் இழுக்கும். அவிழ்க்க மனமில்லை என்றால் நுனியைக் கத்தரித்துவிட்டு, சட்டைக் கைக்குள் இறுக்கமாகச் செருகிக்கொள்ளலாம். துணிக் கையுறையும் இதே வகைதான். பாதுகாப்பு என்று நினைத்துப் போட்டுக்கொள்வார்கள். சுழலும் பிட்டு அதன் ஒரு இழையைப் பிடித்தால் விரலோடு சேர்த்து இழுக்கும்.

இத்தனை பலம் அந்தச் சின்னப் பெட்டிக்கு எங்கிருந்து வருகிறது?

பேட்டரியின் மேல் 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 36 வாட்-மணி. மணியை நொடியாக்க 3,600-ஆல் பெருக்கினால் 1,29,600 ஜூல். இந்த எண்ணைக் கண்ணால் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போவோம். அங்கே வடபத்ரசாயி கோயிலின் ராஜகோபுரம் 11 நிலை, 192 அடி உயரம், சுமார் 58.5 மீட்டர். 30 கிலோ எடையுள்ள உங்களை அதன் உச்சிக்குத் தூக்கத் தேவையான ஆற்றல் 30 × 9.8 × 58.5, ஏறத்தாழ 17,200 ஜூல். வீணாவது எதுவும் இல்லை என்று வைத்தால், கைக்குள் அடங்கும் அந்தப் பேட்டரியின் ஆற்றல் உங்களை ஏழு தடவை கோபுர உச்சிக்குத் தூக்கிவிட்டும் கொஞ்சம் மீதி வைத்திருக்கும். 'பேட்டரி மெஷின்தானே, விளையாட்டுச் சாமான் மாதிரி' என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

மின்சாரத்தில் ஓடும் துளைக்கருவிக்கு 1889-ல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் ஆர்தர் ஜேம்ஸ் ஆர்னாட், வில்லியம் பிளாஞ்ச் பிரெய்ன் இருவரும் காப்புரிமை பெற்றார்கள். துப்பாக்கி மாதிரி பிடியும் விரலால் அழுத்தும் விசையும் அமெரிக்காவின் பிளாக், டெக்கர் என்ற இரு கூட்டாளிகள் தந்தவை. அதற்கான காப்புரிமை 1917-ல் கிடைத்தது. அவர்களுடைய நிறுவனமே 1961-ல் பேட்டரியில் ஓடும் டிரில்லைக் கொண்டுவந்தது. அப்போது உள்ளே இருந்தது நிக்கல்-காட்மியம் பேட்டரி. இப்போது லித்தியம்-அயனி.

உள்ளே இருக்கும் மோட்டார் நிமிடத்துக்கு 20,000 சுற்று அளவில் ஓடும், ஆனால் அதற்கு முறுக்கும் பலம் குறைவு. நடுவே சூரியனைச் சுற்றும் கோள்கள் போல அமைத்த பல்சக்கரங்கள் அந்த வேகத்தைக் குறைத்து, குறைந்த அளவுக்கு ஏற்ப முறுக்குப் பலத்தைக் கூட்டித் தருகின்றன. கியரை 1-ல் வைத்தால் மெதுவாகவும் பலமாகவும், 2-ல் வைத்தால் வேகமாகவும் பலம் குறைவாகவும் சுற்றும். சைக்கிளில் கியர் உள்ளவர்களுக்கு இது தெரிந்த சங்கதி.

முறுக்கும் பலம் என்றதும் நியூட்டன் வந்துவிடுவார். 1687-ல் அவர் எழுதிவைத்த மூன்றாம் விதி உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது: எந்த விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு. டிரில் பிட்டை வலப்பக்கம் முறுக்கினால் பிட்டு டிரில்லை இடப்பக்கம் முறுக்கும். டிரில்லைப் பிடித்திருப்பது கை. அதனால் பிட்டு உண்மையில் முறுக்குவது பிடித்தவரின் மணிக்கட்டை.

இதை ஆபத்தில்லாமல் உணர ஒரு வழி இருக்கிறது. சுழலும் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளுங்கள். இரு கைகளையும் முன்னால் நீட்டிச் சட்டென்று வலப்பக்கம் வீசுங்கள். நாற்காலி இடப்பக்கம் திரும்பும். கால் தரையில் இருக்கும்போது இது ஏன் நடப்பதில்லை? அப்போதும் எதிர்விசை உண்டு, பூமி அதைத் தாங்கிக்கொள்கிறது. விண்வெளியில் தாங்க எதுவும் இல்லை. மிதந்துகொண்டிருக்கும் ஒருவர் சாதாரண டிரில்லால் ஒரு திருகை முடுக்கினால் திருகு நிற்கும், ஆள் சுற்றுவார். 1960-களில் அமெரிக்க விண்வெளித் துறையான நாசா, பிடித்திருக்கும் ஆளைத் திருப்பாத ஒரு முடுக்குக் கருவியைத் தனியாக வடிவமைக்கச் சொன்னதற்கு இதுதான் காரணம்.

எவ்வளவு பலம் திரும்பி வரும்? வீட்டுக்கு வாங்கும் டிரில்லின் பெட்டியில் 30 நியூட்டன்-மீட்டர் என்று அச்சிட்டிருப்பது சாதாரணம். பிட்டின் அச்சிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி, கைப்பிடியின் அடிப்பக்கத்தில் கை இருக்கிறது. 30-ஐ 0.15-ஆல் வகுத்தால் 200 நியூட்டன். பக்கவாட்டில் 20 கிலோ எடை திடீரென்று மணிக்கட்டைத் தள்ளுவதற்குச் சமம். துளைத்துக்கொண்டிருக்கும்போது இது தெரியாது, ஏனென்றால் மரமும் சுவரும் சிறிது சிறிதாக விட்டுக்கொடுக்கின்றன. பிட்டு எங்காவது சிக்கிச் சட்டென்று நின்றுவிட்டால் முழுப் பலமும் ஒரே கணத்தில் கைக்குத் திரும்பும். பெரியவர் கைக்கே மணிக்கட்டு பிசகிவிடும். உங்கள் வயதுக் கை தாங்காது. நீங்கள் இயக்கவேண்டாம் என்று நான் சொன்னதற்கு முதல் காரணம் இந்த 200 நியூட்டன்தான்.

பிட்டு எப்போது சிக்கும் என்பதற்குச் சந்திரனில் நடந்த ஒரு கதை இருக்கிறது. 1971 ஜூலை 30 அன்று அப்பல்லோ 15 சந்திரனில் இறங்கியது. டேவிட் ஸ்காட் என்ற விண்வெளி வீரர் பேட்டரியில் ஓடும் டிரில்லால் நிலவின் தரையைத் துளைத்தார். உள்ளே வெப்பமானி இறக்கி, நிலவின் உள்வெப்பம் எவ்வளவு வெளியே வருகிறது என்று பார்ப்பது நோக்கம். துளை திட்டமிட்ட ஆழத்தை எட்டவே இல்லை. பாதியில் இறுகிக்கொண்டது. மண்மாதிரி எடுக்க இறக்கிய குழாயை வெளியே இழுக்க ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் சேர்ந்து தோள் கொடுத்து மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

தப்பு எங்கே என்று பிறகு கண்டுபிடித்தார்கள். டிரில் பிட்டின் உடம்பில் திருகித் திருகி மேலே ஏறும் பள்ளம் இருக்கிறதே, அது அழகுக்கு இல்லை. அரைத்த தூளை வெளியே ஏற்றிக்கொண்டுவரும் பாதை அது. நிலவுக்குக் கொண்டுபோன தண்டுகளை ஒன்றோடொன்று இணைத்த இடத்தில் அந்தப் பள்ளம் தொடர்ச்சியாக இல்லை. மேலே வரமுடியாத தூள் அங்கேயே அடைந்து தண்டைக் கவ்விவிட்டது. வடிவத்தை மாற்றியபின் அடுத்த ஆண்டு அப்பல்லோ 16-ல் சார்லஸ் டியூக் சிரமமில்லாமல் துளைத்தார்.

நிலவில் நடந்தது வீட்டுச் சுவரிலும் நடக்கும். தூள் வெளியே வராவிட்டால் பிட்டு இறுகும், இறுகினால் முறுக்கு கைக்கு வரும். அதனால் துளைப்பவர் ஒரே மூச்சில் உள்ளே அழுத்திக்கொண்டே போகக்கூடாது. கொஞ்சம் துளைத்து, சுழன்றுகொண்டிருக்கும்போதே பிட்டை வெளியே இழுத்துத் தூளைக் கொட்டவிட்டு, மறுபடி உள்ளே விடவேண்டும். மழுங்கிய பிட்டும் சிக்கும். துளை மறுபக்கம் வெளிவரும் அந்தக் கடைசி நொடியில்தான் பெரும்பாலும் சிக்குகிறது, தகரத்தில் ரொம்ப மோசம். அப்போது அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லிப் பக்கத்தில் இருந்து ஞாபகப்படுத்துங்கள்.

நிற்கும் விதமும் இதிலிருந்தே வருகிறது. எதிர்விசையைக் கடைசியில் தாங்குவது தரை. இரண்டு கால்களும் அகலமாகத் தரையில் ஊன்றியிருந்தால் அது பத்திரமாகப் பூமிக்குப் போய்ச் சேரும். ஆடும் ஸ்டூலின் மேல் நுனிக்காலில் நின்று தலைக்கு மேல் துளைத்தால் அந்த விசை ஆளையே சாய்க்கும். ஏணி தேவைப்பட்டால் நல்ல ஏணி, அதைப் பிடித்துக்கொள்ள இன்னொரு பெரியவர். பக்கவாட்டில் மாட்டும் துணைக் கைப்பிடி பெட்டியில் வந்திருந்தால் அதை மாட்டியே பயன்படுத்தவேண்டும். நிறையப் பேர் அதைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். அச்சிலிருந்து தள்ளிப் பிடிக்கப் பிடிக்கக் கைக்கு வரும் விசை குறையும். மேலே போட்ட வகுத்தல் கணக்கில் 0.15-க்குப் பதில் 0.30 போட்டுப் பாருங்கள், பாதியாகிவிடும்.

சக்குக்குப் பின்னால் எண்கள் போட்ட ஒரு வளையம் இருக்கும். அதுதான் கிளட்ச். திருகு முடுக்கும்போது சின்ன எண்ணில் வைத்தால், திருகு இறுகியவுடன் கிளட்ச் 'டர்ர்ர்' என்று வழுக்கிவிட்டு முறுக்கை நிறுத்திவிடும். வளையத்தில் பிட்டின் படம் இருக்கும் இடத்தில் வைத்தால் கிளட்ச் வழுக்காது, முழுப் பலமும் போகும். திருகு முடுக்கிவிட்டுத் துளைக்கப் போகும்போதும், துளைத்துவிட்டுத் திருகுக்கு வரும்போதும் அதை மாற்ற மறந்துபோவார்கள். பார்த்துச் சொல்வது உங்கள் வேலை.

துளைக்கப்படும் பொருளும் சுழலப் பார்க்கும், அதற்கும் ஒரு பிடி வேண்டும். விருதுநகர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதற்கு நல்ல உதாரணம் பக்கத்திலேயே உண்டு. வெம்பக்கோட்டை அருகே வைப்பாற்றங்கரை மேட்டில் 2022-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வில் கண்ணாடி மணிகளும் சூதுபவள மணிகளும் கிடைத்தன. சூதுபவளம் கண்ணாடியைக் கீறும் அளவுக்குக் கடினமான கல். அதில் நூல் கோக்கும் துளை! மின்சாரம் இல்லாத காலத்தில் வில்லின் நாணைத் துளைக்கருவியில் சுற்றி முன்னும் பின்னும் இழுத்துச் சுழற்றினார்கள். குஜராத்தின் கம்பாத்தில் இந்தக் கைத்தொழில் நம் காலம் வரை வந்திருக்கிறது. அங்கே துளைக்கருவியின் நுனியில் இரண்டு வைரத் துணுக்குகளைப் பதித்திருப்பார்கள். மணியைக் கையில் பிடிக்கமாட்டார்கள், மரப்பிடிக்குள் இறுக்கி வைத்து, சூடு தணியத் தண்ணீர் சொட்டவிட்டுத்தான் துளைப்பார்கள். கடுகளவு துளைக்கே இந்த ஏற்பாடு. நம் வீட்டில் மரத்துண்டைத் தொடையில் வைத்துக்கொண்டும், 'தம்பி, இதைக் கொஞ்சம் பிடி' என்று பிள்ளை கையில் கொடுத்தும் துளைக்கிறார்கள். அப்படிப் பிடிக்கச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லுங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது. மேசையோடு சேர்த்து சி-கிளாம்பால் இறுக்கினால் யார் கையும் தேவையில்லை. அடியில் ஒரு பழைய பலகை வைத்தால் மறுபக்கம் மரம் பிய்த்துக்கொண்டும் வராது.

சுவருக்கு வருவோம். வீட்டில் டிரில் அதிகம் வேலை செய்வது அங்கேதான், பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதும் அங்கேதான்.

'பேட்டரி மெஷின், ஒயர் இல்லை, ஷாக் அடிக்காது' என்பது பாதி உண்மை. பேட்டரியின் 18 வோல்ட் உலர்ந்த கையில் ஷாக் அடிக்காது. ஆனால் பூச்சுக்குள் புதைத்த குழாயின் ஒயரில் 230 வோல்ட் இருக்கிறது. பிட்டு அந்த ஒயரைத் துளைத்தால் பிட்டு, சக் என்று உலோகப் பாகம் முழுவதிலும் மின்சாரம் ஏறும். உலோகத்தைத் தொடாமல் பிளாஸ்டிக் பிடியை மட்டுமே பிடிக்கவேண்டும் என்பது இதனால்தான். ஒயர் எங்கே போகிறது என்று ஊகிக்கலாம். சுவிட்ச் போர்டிலிருந்து குழாய் பெரும்பாலும் நேராக மேலே கூரைக்கு ஏறும், அல்லது கீழே இன்னொரு போர்டுக்கு இறங்கும், அல்லது பக்கவாட்டில் போகும். ஆகவே எந்தப் போர்டுக்கும் பிளக்குக்கும் விளக்குக்கும் நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கத்தில் துளை வேண்டாம். குளியலறைக் குழாய்க்கும் இதே விதி. அங்கே தண்ணீர் பீய்ச்சும். புதுவீடு கட்டிக்கொண்டிருந்தால் பூசும் முன் ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பத்து வருஷம் கழித்தும் உதவும்.

ஒயர் இல்லாத டிரில்லின் உண்மையான வசதி இங்கேதான் இருக்கிறது, அதை யாரும் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு வருத்தம். ஒயர் உள்ள டிரில்லுக்கு வீட்டில் கரண்ட் வேண்டும். இதற்கு வேண்டாம். வீட்டு மெயினை அணைத்துவிட்டே துளைக்கலாம்! பகல் வெளிச்சத்தில் பத்து நிமிட வேலை. ஆனால் நம் வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கிறது. மெயினை அணைத்ததும் அது தானாக உயிர்பெற்று விளக்கு, மின்விசிறி லைனுக்குக் கரண்ட் கொடுக்கும். இன்வெர்ட்டரையும் பெரியவர் அணைக்கவேண்டும். பிறகு அந்த அறையில் எல்லா சுவிட்சையும் போட்டுப் பாருங்கள். ஒரு விளக்காவது எரிந்தால் இன்னும் எங்கோ கரண்ட் இருக்கிறது. எதுவும் எரியாவிட்டாலும் போர்டுக்கு நேர்கோட்டில் துளைக்காத விதி அப்படியே நிற்கும். 'கரண்ட் போயிருக்கு, இப்பவே துளைச்சிரலாம்' என்பதும் கூடாது, அது எந்த நிமிடமும் திரும்பி வரும்.

சுவருக்கு வேண்டிய பிட்டு வேறு. அதன் நுனியில் அகலமாக ஒரு துண்டு ஒட்டியிருக்கும். அது டங்ஸ்டன் கார்பைடு, எஃகைவிடக் கடினமானது. இரும்புக்கான பிட்டைச் சுவரில் விட்டால் நிமிடத்தில் மழுங்கும். சுத்தியல் படம் போட்ட நிலையில் வைத்தால் டிரில் சுழல்வதோடு டக்டக்கென்று இடிக்கவும் செய்யும். செங்கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் அது வேண்டும். ஓடு பதித்த சுவரில் முதலில் வேண்டாம், ஓடு விரிசல் விடும்.

துளையிலிருந்து விழும் தூளின் நிறத்தைக் கவனியுங்கள். சுவரின் உள்ளே என்ன இருக்கிறது என்று அது சொல்லும். முதலில் வெள்ளை என்றால் பட்டியும் பெயிண்டும். சாம்பல் நிறம் சிமென்ட் பூச்சு. பிறகு சிவப்பு வந்தால் செங்கல்லை எட்டியாயிற்று. சாம்பலாகவே தொடர்ந்து, டிரில்லும் முனகினால் கான்கிரீட் தூணோ உத்திரமோ. ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலைச் சுற்றிய தெருக்களின் பழைய சுண்ணாம்புச் சுவர் வீடுகளில் பிட்டு விழுந்தடித்துக்கொண்டு உள்ளே போகலாம், அங்கே அழுத்தவே கூடாது. உலோகத்தில் முட்டும் ஓசை கேட்டாலோ, தூள் ஈரமாக வந்தாலோ உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

அந்தத் தூள் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் எதிரி. சாதாரண மூக்குக்கண்ணாடி பக்கவாட்டில் திறந்திருக்கும், அது போதாது. பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், துளைப்பவருக்கு ஒன்று, வேடிக்கை பார்க்கும் உங்களுக்கு ஒன்று. செங்கல்லிலும் கான்கிரீட்டிலும் உள்ள சிலிக்கா நுண்தூள் நுரையீரலில் தங்கினால் வெளியே வராது, மாஸ்க் வேண்டும். காதையும் பொத்திக்கொள்ளுங்கள், இடிக்கும் சத்தம் பெரிது. பழைய கூரைகளில் இருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை வீட்டு டிரில்லால் துளைக்கவே வேண்டாம். அதிலிருந்து கிளம்பும் இழைகள் பல வருஷம் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும்.

துளை போட்டபின் அதற்குள் ஏன் பிளாஸ்டிக் பிளக்கை அடிக்கிறோம்? திருகு சுவரை நேரடியாகக் கவ்வாது, செங்கல் பொடிந்துவிடும். 1911 வாக்கில் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சுவரைச் சேதப்படுத்தாமல் மின்பொருத்திகளை மாட்டவேண்டியிருந்தது. ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்ற ஒப்பந்தக்காரர் சணல் நாரால் ஒரு பிளக் செய்தார். திருகு உள்ளே போகப் போகப் பிளக் விரிந்து துளையின் சுவரை நெருக்கும், அந்த உராய்வில்தான் எடை நிற்கிறது. கடையில் இன்றும் 'ரால் பிளக்' என்று கேட்பது அவர் பெயரை ஒட்டித்தான். பிளக்கைவிடத் துளை பெரிதானால் உராய்வு போய்விடும், மாட்டிய படம் ஒருநாள் விழும். எத்தனை மில்லிமீட்டர் பிளக்கோ அத்தனை மில்லிமீட்டர் பிட்டு என்று எடுத்துக்கொடுப்பதை நீங்கள் பொறுப்பேற்றுக்கொள்ளலாம்.

துளைத்து முடித்த பிட்டைத் தொடாதீர்கள். 1798-ல் ரம்ஃபோர்டு என்பவர் ஜெர்மனியின் மியூனிக்கில் பீரங்கி துளைக்கும் பட்டறையில் தான் செய்த ஒரு சோதனையை வெளியிட்டார். வேண்டுமென்றே மழுங்கிய துளைக்கருவியைத் தண்ணீருக்குள் வைத்து, பீரங்கி உலோகத்தைக் குதிரை பூட்டி அதன்மேல் சுற்றவைத்தார். நெருப்பே இல்லை, இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது. வெப்பம் என்பது ஒரு பொருளுக்குள் ஒளிந்திருக்கும் திரவம் இல்லை, அசைவிலிருந்து பிறப்பது என்று அதிலிருந்து அவர் வாதிட்டார். பீரங்கியில் பிறந்த அதே வெப்பம் இரும்பைத் துளைத்த பிட்டிலும் இருக்கிறது. விரல் பட்டால் கொப்புளம்தான்.

பிட்டு மாற்றும்போது முதலில் பேட்டரியைக் கழற்றவேண்டும். சக்கைக் கையால் பிடித்திருக்கும் நேரத்தில் தப்பித்தவறி விசை அழுந்தினால் என்ன ஆகும் என்று இனி நான் சொல்லவேண்டியதில்லை. கொஞ்ச நேரம் கீழே வைப்பதாக இருந்தால் முன்-பின் மாற்றும் பொத்தானை நடுவில் தள்ளினால் விசை பூட்டிக்கொள்ளும்.

கழற்றிய பேட்டரியை ஆணிகளும் திருகுகளும் கிடக்கும் பைக்குள் போடக்கூடாது. ஓர் ஆணி இரண்டு முனைகளையும் தொட்டுப் படுத்தால், நம்மைக் கோபுரத்துக்குத் தூக்கக்கூடிய அந்த ஆற்றல் ஆணி வழியாகப் பாயும். ஆணி பழுக்கும், பேட்டரி தீப்பிடிக்கும். லித்தியம்-அயனி பேட்டரிக்காகக் குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவரும் 2019-ல் வேதியியல் நோபல் பெற்றார்கள். அவ்வளவு அருமையான பொருள் வெயிலுக்கு மட்டும் ஆகாது. சித்திரை மாதத்தில் மூடிய காருக்குள்ளும் மொட்டை மாடியிலும் அதை விட்டுவைக்காதீர்கள். அதோடு வந்த சார்ஜர் தவிர வேறு எதையும் போடக்கூடாது, எல்லோரும் தூங்கும்போது சார்ஜில் விடவும் கூடாது. உப்பிய பேட்டரியைக் குப்பையில் வீசாமல் பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுக்கவேண்டும். தயாரித்தவர்களே பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்யவேண்டும் என்று 2022-லிருந்து இந்தியாவில் விதி இருக்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். டிரில்லின் விசையை விட்டவுடன் அது ஓடி ஓடி மெதுவாக நிற்காமல் சட்டென்று நிற்கிறதே, ஏன்? பழைய பொம்மைக் கார் மோட்டார் ஒன்று கிடைத்தால் நீங்களே கண்டுபிடிக்கலாம். பேட்டரி எதையும் இணைக்காமல் அதன் தண்டை விரலால் சுழற்றிப் பாருங்கள், எளிதாகச் சுற்றும். இப்போது மோட்டாரின் இரண்டு ஒயர் நுனிகளையும் ஒன்றாக முறுக்கிவிட்டு மறுபடி சுழற்றுங்கள். இறுக்கமாக இருக்கும். சுழலும் மோட்டார் தானே ஒரு மின்னாக்கி. நுனிகளைச் சேர்த்தவுடன் அது உண்டாக்கும் மின்னோட்டம் அதனுள்ளேயே ஓடி, அதன் சுழற்சிக்கே எதிராக வேலை செய்கிறது. நிறைய டிரில்களில் விசையை விடும்போது உள்ளே நடப்பது இதுதான். நுனிகளைச் சேர்க்காமல் நடுவில் ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கை மாட்டிச் சுழற்றினால் என்ன ஆகும், எந்தப் பக்கம் சுழற்றினால் அது எரியும் என்று பார்த்து எங்களுக்கு எழுதுங்கள்.